ஜெர்மன் கேத்திலுக்குப் பொட்டு வைத்த கதை

பழைய வெள்ளிச் சாமான்களை ஏலம் விடும் தொழிலுக்கு நம்மவர் பிள்ளைகள் நாலு பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் நிறுவனத்தில் இருந்த தமிழன் நான் ஒருவன்தான், அதுவும் சாமான் தூக்குகிற வேலையில். உங்களில் ஒருத்தி போன மாதம் போன் எடுத்து, "அங்கிள், உங்கட எக்ஸ்பீரியன்ஸை எழுதித் தாங்கோவன், எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று கேட்டாள். உதவியாக இருக்குமோ தெரியாது. ஓய்வு பெற்ற மனிதனிடம் இப்படிக் கேட்டால் அவன் நிறுத்த மாட்டான் என்பதை மட்டும் இந்நேரம் விளங்கியிருப்பாள்.

முத்திரையை வாசிப்பது, நிறை பார்ப்பது, ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் புத்தகம் இருக்கிறது. நான் எழுதப்போவது வேறு. ஒரு பிழை செய்துவிட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை. அதை அழிப்பதற்கு ஒரு துணியும் கையில் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் என்ன செய்வது? நான் அந்த அரை நிமிடத்தில் தோற்றவன், ஆகையால் இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் படிப்பித்தவன். எண்பதுகளின் நடுவில் மனைவி ராணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். ராணிக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. எனக்கு மத்திய லண்டனில் ஓர் ஏல நிறுவனத்தின் வெள்ளித்துறையில், நிலவறைச் சாமான் அறையில் வேலை. வந்த சாமானை இறக்கி, நிறுத்து, அடுக்கி, கேட்ட நேரம் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

துறைத் தலைவரை எல்லோரும் மேஜர் என்று கூப்பிட்டார்கள். அவர் ஒருநாளும் படையில் இருந்ததில்லை. மீசையும் நடையும் அப்படி. முதல் மாதமே அவரிடம் நான் மாட்டிக்கொண்டேன். பார்வைக்கு வைத்த ஒரு ஜெர்மன் தட்டைப் புரட்டிப் பார்த்த சீமாட்டி ஒருவர், பின்னால் 800 என்று அடித்திருக்கிறதே, அது என்ன என்று என்னிடம் கேட்டார். ஆசிரியராக இருந்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. "எண்ணூறு தட்டுத்தான் செய்தார்கள், அம்மா" என்று ஒரு போடு போட்டேன். அவர் கணவர் நேரே மேஜரிடம் போய், மற்ற எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார்.

ஆயிரத்துக்கு எண்ணூறு பங்கு வெள்ளி என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பக்கத்தில் ஒரு பிறையும் கிரீடமும் இருந்தால் அது ஜெர்மன் முத்திரை. கடையில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிற வெள்ளை உலோகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது அசல் வெள்ளி. மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதில் உனக்கு என்ன குறைந்துவிடும்?" என்று மட்டும் கேட்டார். குறையாதுதான். ஆனால் அந்தப் பாடத்தை நான் அன்றைக்குப் பாதிதான் படித்தேன் என்பது பிறகு தெரியவந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஓர் இலையுதிர்காலத்தில் அந்தக் கோப்பிப் பாத்திரம் வந்தது. மூக்கும் கைப்பிடியும் மூடியும் உள்ளது. வீட்டில் நாங்கள் கேத்தில் என்போமே, அதுதான். முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மனியில் செய்தது. அந்தக் காலத்தில் அங்கே சில வடிவமைப்பாளர்கள், பூவும் கொடியும் சிங்கமுகமும் போதும், பாத்திரம் பாத்திரமாக இருந்தால் என்ன என்று கிளம்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வரைந்தது இது. ஒரு உருளை, ஒரு நேர் மூக்கு, கருங்காலிக் கைப்பிடி, அவ்வளவுதான். மேலே ஒரு கோடு கிடையாது.

மேஜர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். "பார், சிவா. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அளவு ஒரு மயிரிழை பிழைத்திருந்தாலும் தெரிந்துவிடும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் வெள்ளிச் செம்பு என்றால் கழுத்தில் கொடி ஓடும், பன்னீர்ச் செம்பின் வயிற்றில் தாமரை விரியும். இதைப் பார்த்தால் வெள்ளி அடிக்கிற பத்தர் வேலையை முடிக்க முன்னம் சாப்பிட எழும்பிப் போன மாதிரி இருந்தது. அதைவிட ஒரு கரைச்சல் இருந்தது. கேத்திலுக்கு மூக்கு உண்டு. மூக்குக்கு மேலே, மூடிக்குக் கீழே, பளபளவென்று ஓர் அகலமான வெறும் நெற்றி. நல்ல நாள் பெருநாளில் வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று வெறும் நெற்றியோடு முன்னால் வந்து நின்றால் எப்படியிருக்கும்? அறைக்குள் போகும்போதெல்லாம் அது என்னை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வருடம் சரஸ்வதி பூசை ஒரு வேலை நாளில் வந்தது. தொழிலுக்கு உதவுகிற கருவிக்கு அன்று ஒரு பொட்டாவது வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் வாங்கிய சந்தனத்தை ஒரு தாளில் மடித்து, ராணியின் குங்குமச் சிமிழைக் கேட்காமல் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அது வெள்ளிச் சிமிழ். அவளுடைய அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. மூடியில் ஒரு சின்னத் தாமரை மொட்டு.

மதியச் சாப்பாட்டு நேரம் சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். தராசுக்குப் பொட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் பொட்டு, அளவு நாடாவுக்கு, பதிவுப் புத்தகத்துக்கு, தள்ளு வண்டிக்கு. முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். எல்லாம் முடிந்தபோது விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பூசைச் சந்தனத்தையும் குங்குமத்தையும் வெள்ளி துடைக்கும் துணியில் துடைப்பதா? சுற்றிப் பார்த்தேன். மேசையில் அது நின்றது, வெறும் நெற்றியோடு. விரல் தானாகப் போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், பத்து நிமிடத்தில் துடைத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒரு வான் வண்டியில் சாமான் வந்து இறங்கி, மேலே ஓடினேன். இறக்கி முடித்து வந்தபோது கேத்திலைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எனக்கு அது அடியோடு மறந்துபோயிற்று.

படம் எடுக்கிறவர் டெரி என்று ஒருவர். எங்கள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியர் இல்லை, ஆனால் அவருக்கு ஒழுங்காக வேலை கொடுத்தது நாங்கள்தான். அவர் கண்ணுக்கு அது ஜெர்மன்காரர் வைத்த புள்ளி. பார்க்க அழகாக இருக்கிறதே என்று, அதற்கென்றே ஒரு விளக்கைத் திருப்பி வைத்துப் படம் எடுத்திருக்கிறார். எடுத்து முடித்ததும் மென்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். நானும் சுற்றியபடியே வாங்கி அலுமாரித் தட்டில் வைத்தேன்.

அச்சுக்குப் போக முன்னம் ஏலக் கேட்டலாக்கின் வண்ணப் பக்கங்களின் மாதிரி வந்தது. மேஜர் முதுகுப் பிடிப்பால் வீட்டில் படுத்திருந்தார். படமும் லொட் எண் என்கிற ஏல வரிசை எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். லொட் 112, கோப்பிப் பாத்திரம். சரி. அந்தப் பக்கத்தை வேறு எதையும்விடக் கூடுதல் நேரம் பார்த்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. முந்தி எனக்குப் பிடிக்காத சாமான் படத்தில் ஏன் இவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று யோசித்தேன். பொட்டு வைத்த முகம் எனக்குச் சரியாகத்தானே படும்? வேறு யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் கத்தியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

கேட்டலாக் வெளிவந்து ஒரு கிழமையில் ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து மேஜருக்குக் கடிதம் வந்தது. எழுதியவர் இந்த வகை வெள்ளியைச் சேர்ப்பவர். உங்கள் விவரிப்பில் ஒரு பெரிய குறை என்று ஆரம்பித்திருந்தார். மூக்குக்கு மேலே பொன் விளிம்புக்குள் பதித்திருக்கும் சிவப்பு எனாமல் வட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லையே. இந்த வடிவமைப்பாளர் நிறம் சேர்த்தாரா இல்லையா என்று நாங்கள் எவ்வளவு காலமாக வாதாடுகிறோம், இதுதான் முதல் சாட்சி, ஏலத்துக்கு முந்திய பார்வை நாளில் நானே வருகிறேன்.

சந்தனம் காய்ந்தால் பொன் விளிம்பு மாதிரித்தான் இருக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மேஜர் கடிதத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சிவா, 112-ஐக் கொண்டு வா" என்றார். படிக்கட்டில் இறங்கிச் சாமான் அறைக்குப் போனேன். மென்தாளைப் பிரித்தேன். அப்படியே இருந்தது, காய்ந்து, ஓரத்தில் ஒரு வெடிப்போடு.

நான் சொன்ன அரை நிமிடம் இதுதான். மேலே கொண்டுபோய், "ஐயா, இது நான் வைத்த பொட்டு" என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? கட்டை விரலால் ஒரு தேய், துணியால் ஒரு துடை. பளிச்சென்று ஆக்கிக்கொண்டு போய், மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போட்டோவில் ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொள்வார் என்பது என் கணக்கு.

மேஜர் உருப்பெருக்கியை வைத்து அந்த இடத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, செத்த வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "போய்விட்டது. யாரோ கழற்றிவிட்டார்கள்."

உடனே எங்கள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். முன்னர் போலீசில் இருந்தவர். கொள்ளை நடக்காத நிறுவனத்தில் வேலை செய்து அலுத்துப்போயிருந்தவருக்கு அன்றைக்குத்தான் வாழ்வு வந்தது. பொன் விளிம்போடு கூடிய எனாமல் களவு. பாத்திரத்தோடு தனியே இருந்தவர்கள் இரண்டு பேர், நானும் டெரியும். நான் நம்பிக்கையானவன் என்று மேஜர் சாட்சி சொன்னார். அதைக் கேட்டபோது நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மிஞ்சியது டெரி. அவருடைய கமராப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போகும்போது டெரி என் கையைப் பிடித்தார். "சிவா, நான் திருப்பித் தந்தபோது அந்தச் சிவப்பு இருந்ததுதானே?" என்று கேட்டார்.

"இருந்தது" என்றேன். அது உண்மைதான். அவ்வளவு கேவலமான ஒரு உண்மையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டலாக் எழுதும் மேசைக்கு எடுப்பதாக மேஜர் சொல்லியிருந்தார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. களவு, போலீஸ் என்ற சொற்கள் என் பெயருக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்று பயந்தேன். பயந்தவனுக்கு எப்போதும் நல்ல காரணங்கள் கிடைக்கும்.

அன்று பின்னேரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. ராணி கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். டெரியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அந்த மனிசன் என்ன பாவம் செய்தவர்? நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

"வேலை போயிடும், ராணி."

"போனாப் போகட்டும். ஒரு பொட்டுக்காக ஒருத்தற்ற பிழைப்பைக் கெடுத்தவர் அப்பா எண்டு பிள்ளையளுக்குச் சொல்ல ஏலுமோ? அதிருக்கட்டும், என்ர சிமிழை ஏன் கேக்காமல் கொண்டு போனனீங்கள்?"

அவள் சாமித் தட்டிலிருந்து சிமிழை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சும்மா வாயாலை சொன்னா அவைக்கு விளங்காது. இதையும் சந்தனத்தையும் கொண்டுபோய் வைச்சுக் காட்டுங்கோ. ஆனா இது என்ர அம்மா தந்தது. பத்திரமாத் திருப்பிக் கொண்டு வரவேணும், சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள்தான் பார்வை நாள். கொலோன்காரர் வந்துவிட்டார். ஒல்லியான நெட்டை மனிதர். தன் சொந்தக் கையுறையையும் அளப்பதற்குச் சொந்த அடிமட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். மேஜரின் அறையில் அவரும் மேஜரும் பாதுகாப்பு அதிகாரியும் கேத்திலைச் சுற்றி நின்றார்கள். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா, அந்தச் சிவப்பு என்னுடைய வேலை."

பாதுகாப்பு அதிகாரி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "எடுத்ததை ஒப்புக்கொள்கிறாயா?"

"எடுக்கவில்லை, வைத்தேன்."

"எங்கே வைத்தாய்?"

"நெற்றியில்."

"யாருடைய நெற்றியில்?"

"இதனுடைய நெற்றியில்" என்று கேத்திலைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காரணம் என்று ஓர் இடம் விட்டிருந்தார் போலும், நிமிர்ந்து, "ஏன்?" என்றார்.

"வெறுமையாக இருந்தது" என்றேன். சிமிழைத் திறந்து மேசையில் வைத்தேன். சரஸ்வதி பூசையைப் பற்றி, கருவிகளுக்குப் பொட்டு வைப்பதைப் பற்றி, விரலில் மிஞ்சியதைப் பற்றிச் சொன்னேன். துடைத்தது யார் என்பதைக் கடைசியாகச் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. "வைத்துக் காட்டு" என்றார் மேஜர். சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அதன் நடுவில் மோதிர விரலால் குங்குமம். கையை எடுத்தேன். கேட்டலாக்கில் இருந்த படம் எங்கள் முன்னால் நின்றது.

கொலோன்காரர் எவ்வளவோ காலமாகத் தேடிய சாட்சி ஒரு நிமிடத்தில் போயிற்று. அவர் அடிமட்டத்தை எடுத்து, மூக்கிலிருந்து பொட்டுக்கும் பொட்டிலிருந்து மூடிக்கும் அளந்தார். படத்தோடு ஒப்பிட்டார். ஒரு மில்லிமீற்றர்கூட மாறவில்லை.

"இடத்தை எப்படிக் கணித்தாய்?" என்று கேட்டார்.

"கணிக்கவில்லை. பொட்டு அங்கேதான் இருக்கும்."

"பிழை" என்றார் அவர், மிகவும் கவனமாக. "முழுப் பிழை. ஆனால் நல்ல இடம்." பிறகு சிமிழைக் கையில் எடுத்து, மூடியில் இருந்த தாமரை மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் போன பிறகு மேஜர் என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் ஆபத்து என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். "பொட்டு வைத்ததற்காக உன்னை அனுப்ப மாட்டேன். அது மடைத்தனம், மடையர்கள் எல்லோரையும் அனுப்பினால் இங்கே நான்கூட மிஞ்ச மாட்டேன். துடைத்தாயே, அதற்காக அனுப்பலாமா என்றுதான் யோசிக்கிறேன். டெரி நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பொட்டு. அதை நீ துணியால் துடைத்துவிட்டு என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்."

பிள்ளைகளே, என் பாடம் இவ்வளவுதான். வைத்ததை எப்போதும் எடுக்கலாம். துடைத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முடிந்தாலும், மூன்று பேரின் கண்முன்னால் வைக்கவேண்டி வரும். சாமானில் ஏதாவது விசித்திரமாகக் கண்டால், அது உங்கள் பிழையாகவே இருந்தாலும், துணியைக் கீழே போட்டுவிட்டு முதலில் ஓர் ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்டனையாக, ஏல அறையில் ஒட்டும் திருத்த அறிவிப்பை என்னையே எழுதச் சொன்னார். ஒரு மணி நேரம் இருந்து எழுதினேன். "லொட் 112: படத்தில் மூக்குக்கு மேலே காணப்படும் சிவப்பு வட்டம் பாத்திரத்துக்குரியது அன்று. குறுக்களவு ஒன்பது மில்லிமீற்றர். சந்தனம், குங்குமம். லண்டன், இவ்வருடம். தற்போது நீக்கப்பட்டுள்ளது." மேஜர் இரண்டு தரம் வாசித்தார். மீசை துடித்தது. இல்லாத ஒரு சாமானை இவ்வளவு துல்லியமாக விவரிக்கிறவன் இருக்கிற சாமானை எப்படி விவரிப்பான் என்று பார்ப்போம் என்று, தை மாதம் என்னைக் கேட்டலாக் மேசைக்கு எடுத்தார். என் முதல் விவரிப்பு ஒரு பொட்டைப் பற்றியது என்று இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

டெரிக்கு மேஜரே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் ராணி சுட்ட றோல்ஸ் பலகாரம் ஒரு பெட்டி கொண்டு அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். எட்டு றோல்ஸ் சாப்பிடும்வரை டெரி என்னை மன்னிக்கவில்லை. ஒன்பதாவதில் மன்னித்தார். அதற்குப் பிறகு எந்தச் சாமானைக் கொண்டுபோனாலும் விளக்கைப் போட முன்னம், "இதில் உன்னுடைய வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

கேத்திலைக் கொலோன்காரரே ஏலத்தில் எடுத்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது, ஒன்றைத் தவிர. நான் உள்ளதைச் சொன்ன அன்றே சிமிழைக் காணவில்லை. மேஜரின் மேசையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது, எடுத்தது ஞாபகம் இல்லை. மேஜரைக் கேட்டேன். "எந்தச் சிமிழ்?" என்றார். மேசைக்கு அடியில், குப்பைக் கூடையில், கம்பளத்துக்குக் கீழே எல்லாம் தேடினேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனபோது ராணி கதவைத் திறந்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வாய், "ரெயினிலை விழுந்திட்டுது போல" என்றது. மேலே பாடம் சொன்னவன் இவன்தான். ராணி என்னை இழுத்துக்கொண்டு, ரயிலில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கும் ஒப்பீசுக்கு இரண்டு தரம் போனாள். ரயிலில் தொலையாத சிமிழின் அளவையும் நிறத்தையும் தாமரை மொட்டையும் படிவத்தில் மிகத் துல்லியமாக எழுதிக் கொடுத்தேன். விவரிப்பதில் தேர்ந்தவன் அல்லவா?

பத்து வருடம் போயிற்று. எங்களுக்கு இருக்க அனுமதி கிடைத்து, ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கி, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். மேஜர் ஓய்வு பெற்று மீசையோடு கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். ஐரோப்பிய வெள்ளியை விவரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த நேரம் கொலோன்காரர் இறந்துபோக, அவருடைய மகள் அவர் சேர்த்தது முழுவதையும் விற்க எங்களிடம் அனுப்பினார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோப்பு, எல்லாம் அவருடைய பொடி எழுத்தில்.

கேத்தில் அப்படியே இருந்தது. இந்தப் பத்து வருடத்தில் அந்த வகை எவ்வளவோ என் கையால் போயிருந்தது. இப்போது அந்த வெறுமையைப் பார்த்தபோது எனக்கு உறுத்தவில்லை. அழகாகத்தான் இருந்தது. பிறகு கோப்பைத் திறந்தேன். மேலே ஒரு பட்டியல். ஒன்று, ஏல நிறுவனத்தின் திருத்த அறிவிப்பு. இரண்டு, வண்ணப் போட்டோவின் பிலிம். மூன்று, ஊழியரின் வாக்குமூலம். நான்கு, சிவப்புப் பொடி, அதற்குரிய கலத்துடன், ஏல நிறுவனத் தலைவர் கையளித்தது.

பஞ்சில் சுற்றி, எண் ஒட்டி, என் மாமியார் கொடுத்த சிமிழ் உள்ளே இருந்தது. பொட்டைப் பற்றிய ஆவணம் எல்லாம் வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். மேஜர் மேசையில் இருந்ததை எல்லாம் வாரிக் கொடுத்திருக்கிறார். எது ஆவணம், எது அடுத்தவர் வீட்டுச் சாமான் என்று அவருக்கு என்ன தெரியும்?

அறையில் நான் மட்டும்தான். சிமிழ் கோட்டுப் பைக்குள் கச்சிதமாக அடங்கும், எனக்கு அது தெரியும். என்னுடையதை நான் எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மறுபடியும் அதே அரை நிமிடம். இந்தமுறை சிமிழை மூடி, பஞ்சில் வைத்து, கொலோனுக்குப் போன் எடுத்தேன்.

கதையைக் கேட்டதும் மகள் சிரித்தார். அப்பா வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லுவார், வந்தவர்கள் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார் என்றார். சிமிழை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் அந்த அப்பாவின் மகள் அல்லவா? கோப்பில் நான்காம் இலக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது, பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்றார். எழுதி வைத்தேன்.

வீட்டில் ராணி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிமிழை அவள் முன்னால் வைத்தேன். கத்தியைக் கீழே போட்டாள். எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்ல மாட்டேன்.

"என்ர சிமிழ்! ரெயின் ஒப்பீசிலை இப்பதான் கண்டுபிடிச்சவையோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளே எடுத்து என் வாயில் வைத்துவிட்டாள். பத்து வருடப் பொய்யை ஒரேயடியாகத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடலாம்.

"இல்லை" என்றேன். கொலோனையும் பட்டியலையும் நான்காம் இலக்கத்தையும் சொன்னேன். படிவம் நிரப்பியதையும் சொன்னேன்.

"பத்து வருசம்!" என்றாள். "ரெண்டு தரம் லீவெடுத்துக்கொண்டு அந்த ஒப்பீசிலை போய் நிண்டனான். அந்தப் பொடியன் எவ்வளவு மரியாதையாத் தேடினவன். வெக்கமா இல்லையோ உங்களுக்கு?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றேன். உண்மையாகவே இருந்தது.

அவள் வெங்காயம் முழுவதையும் வெட்டி முடித்தாள். அடுப்பை மூட்டினாள். சட்டியை வைத்தாள். தாளிதம் வெடித்து அடங்கியபின், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தக் கேத்தில் இப்பவும் வெறும் நெத்தியோடைதான் நிக்குதோ?"

"ஓம்."

"பாவம்" என்றாள்.